சம்பந்தியம்மாவோடு இருட்டுக் குகைக்குள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்குக் கிள்ளானிலிருந்து ரயில். நான் ஆறே முக்காலுக்கே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இது வழக்கமில்லை. போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவன் நான். என் கையெழுத்தோடு புறப்பட்ட லோரி எதுவும் இதுவரை சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. நானும் அந்த ஜாதிதான். அன்றைக்கு முந்திக்கொண்டு வந்ததற்குக் காரணம் பயம்.

போகிற இடம் பத்துமலை. உச்சியில் இருக்கிற கோயில் குகைக்கு இல்லை. படி ஏறும்போது பாதிக்கு மேல் இடது பக்கம் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிக் கிடக்குமே, அந்த இருட்டுக் குகைக்கு. இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று, முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களைச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறது. வௌவாலும் பாம்பும் இருக்கிற இடத்துக்குப் போகிறவன் பயப்படுவது நியாயம்தானே என்பீர்கள். நான் பயந்தது அவற்றுக்கில்லை. கூட வரப்போகிற சம்பந்தியம்மாவுக்கு.

விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள் சுமதிக்கு இது ஏழாம் மாதம். கட்டிக்கொடுத்த இடம் பிரிக்பீல்ட்ஸ். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து முறை. ஆனால் சுமதியின் அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. மேரு ரோட்டுப் பக்கம் இருக்கிற அந்தத் தாய் வீட்டில் இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன். பொம்பளை இல்லாத வீட்டுக்கு மாசமாக இருக்கிற பிள்ளையை அனுப்புவார்களா? அதைத்தான் அன்று நான் வாயைத் திறந்து கேட்டாக வேண்டும்.

முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றால், கேட்டுவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, பச்சைச் சேலை, கண்ணாடி வளையல் எல்லாம் அடுக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச்சே தேவையில்லை. வளையல் தட்டு வைத்தால், நாள் பார்த்துச் சொல்லுங்கள், வளைகாப்புப் போட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகிறோம் என்று அர்த்தம். தட்டு அங்கேயே தங்கினால் சம்மதம். திரும்பி வந்தால் இல்லை.

நாலாம் நாள் தட்டு திரும்பி வந்தது. சம்பந்தி ஐயாவே காரில் கொண்டுவந்து கொடுத்தார். புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருந்தது. அதன்மேல் முறுக்கும் பயத்தம்பணியாரமும் அடுக்கியிருந்தது. இவ்வளவு ருசியான மறுப்பை நான் கேள்விப்பட்டதே இல்லை. மனது உடைந்திருந்தாலும் பல் உடையவில்லை என்பதால் ராத்திரிக்குள் எல்லாவற்றையும் தின்று தீர்த்தேன்.

சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சம்பந்தி ஐயாவின் தாத்தா இங்கே ரயில்வே ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வந்தவர். என் தாத்தா அந்த ரயிலுக்குத் தண்டவாளம் போட வந்தவர். எங்கள் பிள்ளைகள் இருவரும் ஒரே பேங்கில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து மற்றதை அவர்களே முடித்துக்கொண்டார்கள். கல்யாணத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே சமயம் யாரும் தோளில் கைபோட்டுக்கொள்ளவும் இல்லை. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கு நடுவில் எதையும் கேட்க முடியாது.

நான் வேறு சங்கடம் வந்தால் ஜோக் அடிக்கிற பிறவி. சம்பந்தியம்மா பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். என் ஜோக்குகளை அவர் கேட்கிற விதத்தில், முடிந்ததும் சிவப்பு மை பேனாவை எடுப்பாரோ என்றிருக்கும்.

இந்தப் பயணமே சுமதியின் ஏற்பாடு. குகைக்குப் பெயர் கொடுத்தது சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளையைக் கடைசி நேரத்தில் பேங்க் வேலையாக ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். சுமதி எனக்குப் போன் போட்டாள்.

"அத்தை தனியா போகக்கூடாதுலா. மாமாவுக்கு முட்டி வலி. நீங்க வாங்கப்பா."

"நான் எதுக்கும்மா? எனக்கு வீட்டுல கரண்ட் போனாலே பயம்."

"உள்ள போயி கேட்டுடுங்க. இங்க வந்தா பேசவே மாட்றீங்க. சிரிச்சிட்டு, சாப்ட்டுட்டுப் போயிடுறீங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மின்சார ரயில் எங்கள் ஊருக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஏர்கோன் வைத்த பெட்டி, தானாகத் திறக்கும் கதவு. கிள்ளான்காரர்கள் இன்னும் அதில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறாத குறைதான். பக்கத்தில் ஓர் இளைஞர், போர்ட் கிள்ளான் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் முடித்துப் பெட்டாலிங் போகிறவர், என் இஸ்திரி போட்ட சட்டையையும் பாலிஷ் போட்ட சப்பாத்தையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா அங்கிள், பொண்ணு பாக்கவா?"

"ஆமா தம்பி. சொந்தப் பொண்ணை."

அவர் சிரித்துவிட்டு ஷா ஆலம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பெட்டாலிங் வந்ததும் தட்டி எழுப்பினேன். கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, நடந்தால் வேர்த்துவிடும் என்று டாக்சி பிடித்தேன். டாக்சியிலும் வேர்த்தது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் கார் ஏற்கெனவே தயாராக நின்றது. சம்பந்தி ஐயா துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். "வாங்கோ" என்றார். அது வரவேற்பு. "இருங்கோ" என்றார். அது காருக்குள். சம்பந்தியம்மா நூல் சேலை, கேன்வாஸ் சப்பாத்து, தோளில் கைப்பை, கையில் பெரிய டோர்ச்சோடு இறங்கி வந்தார். பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுமதி. மூன்று வாரத்தில் முகம் பூரித்திருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது.

"என்னா சம்பந்தியம்மா, இமயமலைக்கா?" என்றேன்.

"வழுக்கும் எண்டு கடிதத்தில எழுதியிருக்கினம். நீங்கள் என்ன, கலியாண வீட்டுக்குப் போற சப்பாத்து போட்டிருக்கிறியள்?"

சிவப்பு மை. காரில் ஏறிக்கொண்டேன்.

ஈப்போ ரோடு வழியாக, செந்தூலைத் தாண்டி, பதிமூன்று கிலோமீட்டர். சம்பந்தி ஐயா ஓட்டும் வேகத்தில் அது இருபத்தாறு. ஒன்பதரைக்கு மலை தெரிந்தது. தைப்பூசத்துக்கு மட்டும் வந்து பழகியவர்கள் சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கூட்டம் இல்லாதபோதுதான் மலை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழும்பி நிற்கிறது. இடுக்கிலெல்லாம் செடி. முகத்தில் மழை நீர் வழிந்த கறுப்புக் கோடுகள். அடிவாரத்தில் புறா, பூக்கடை, தோசைக்கடை, கையில் எது வைத்திருந்தாலும் தன்னுடையது என்று நினைக்கிற குரங்குகள்.

மாசமாக இருக்கிற பிள்ளை மலை ஏறக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கும் எங்களுக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. அதனால் சுமதியும் சம்பந்தி ஐயாவும் தரைமட்டத்திலேயே இருக்கிற சிலைக் குகையைப் பார்ப்பது என்று முடிவு. குளத்தின் மேல் பாலம் போட்டு, உள்ளே கலர் லைட் வைத்து, புராணக் கதைகளைச் சுதைச் சிலைகளாகச் செய்துவைத்திருக்கிறார்கள். டிக்கெட் விலை ஒரு வெள்ளி.

சுமதி பாலத்தின் மேல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டை மட்டும் அசைத்து, "கேளுங்க" என்றாள். நான் மேலே இருக்கிற குரங்கைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

படி ஏறினோம். மொத்தப் படிகள் இருநூற்று எழுபத்திரண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணுவதற்கு மூச்சு மிஞ்ச வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய சம்பந்தியம்மா நிதானமாக ஏறிக்கொண்டே போனார். நான் இயற்கைக் காட்சியை ரசிக்கிறவன்போல அடிக்கடி நின்று, கோலாலம்பூர் பக்கம் பார்த்துக் கும்பிடாத குறையாக மூச்சு வாங்கினேன்.

இடது பக்கக் கம்பிக் கதவருகே பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஆறேழு பேர், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. எங்களைக் கூட்டிப் போகிறவர் மிஸ் லீ என்ற சீனப் பெண். வார நாட்களில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலையாம். டோர்ச் இல்லாதவர்களுக்கு டோர்ச்சும், ஆளுக்கொரு தலைத்தொப்பியும் கொடுத்தார். என் தலைக்குச் சின்னது. சம்பந்தியம்மா கொண்டைக்கு மேல் அதை வைத்து நாடாவைக் கட்டியபோது, அந்தக் கண்டிப்பான முகத்தில் சின்னப் பிள்ளைக்குரிய ஓர் அவசரம் தெரிந்தது.

"எத்தனையோ தரம் இந்தப் படியால ஏறி இறங்கியிருக்கிறன்," என்றார். "கோயிலுக்கு வந்தா கோயிலுக்கு மட்டும். இந்தக் கதவைப் பாத்துக்கொண்டே போவன். பள்ளிக்கூடத்தில முப்பது வருசமா சுண்ணாம்புக் குகை எண்டு போர்டில கீறினன். ஒரு குகையும் உள்ளுக்குப் போய்ப் பாத்தது இல்லை."

"பிள்ளைங்க யாரும் கேக்கலையா, டீச்சர் நீங்க பாத்தீங்களான்னு?"

"கேட்டவை. பாத்தனான் எண்டு சொன்னன்."

இதைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். சம்பந்தியான இந்த மூன்று வருஷத்தில் முதல்முறையாக எனக்கு அவர்மேல் பாசம் வந்தது.

கதவைத் தாண்டினால் முதலில் வருவது குளிர்ச்சி. அடுத்தது வாடை. கோழிப்பண்ணையைப் பத்து வருஷம் பூட்டிவைத்துத் திறந்தால் வரும் வாடை. "வௌவால் எச்சம்," என்றார் சம்பந்தியம்மா, மல்லிகைப் பூ என்கிற குரலில். தரையில் ஒரு சிமெண்டுப் பாதை. இரண்டு பக்கமும் எச்சம் மண்போலக் குவிந்து, வெளிச்சம் பட்டால் மெல்ல அசைகிறது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் கரப்பான். கூரை எங்கே என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் போய்ச் சேரவில்லை. மேலே எங்கேயோ மழை பெய்வதுபோல வௌவால்களின் சத்தம்.

ஐந்து நிமிஷ நடையில் ஒரு வளைவு. அங்கே பாறையெல்லாம் மெழுகு உருகி வழிந்து நின்றதுபோல. திரைச்சீலை மடிப்பு மடிப்பாகத் தொங்குவதுபோல் ஒன்று. யானைக் கால்கள்போல் இரண்டு. ஈட்டி முனைபோல் தொங்கும் ஒன்றின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர், விழலாமா வேண்டாமா என்று நின்றது. சம்பந்தியம்மா அதன்மேல் டோர்ச்சைப் பிடித்தபடி அசையவே இல்லை. மாணவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியில் சொட்டு விழுந்தது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நான் கீறினது எல்லாம் கரட் கிழங்கு மாதிரி," என்றார் மெதுவாக. "இது எவ்வளவு வடிவு."

அப்போது கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "சம்பந்தியம்மா, இதுல சாம்பார் வைக்கலாமா?" என்று வந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால், சுவரைத் தொடக்கூடாது என்று மிஸ் லீ சொல்லியிருந்தார்.

இன்னும் உள்ளே போனதும் மிஸ் லீ எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொன்னார். விளக்குகளை அணைக்க வேண்டும், ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, அசல் இருட்டு என்றால் என்ன என்று அப்போதுதான் தெரியும் என்றார். ஒவ்வொரு டோர்ச்சாக அணைந்தது. கடைசியாக அணைந்தது என்னுடையது. அதையும் சம்பந்தியம்மாதான் அணைத்தார்.

ராத்திரி வீட்டில் லைட்டை அணைத்தாலும் ஜன்னல் தெரியும், கைக்கடிகாரம் மினுங்கும். இது அப்படியில்லை. கையை மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். கை இல்லை. மூக்கும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கால் இருக்கிற இடம் தெரியாமல் உடம்பு ஆடியது. பக்கத்தில் எதையோ கெட்டியாகப் பிடித்தேன்.

"சம்மந்தி," என்று ரகசியக் குரல். "அது என்ர கைப்பை."

"ஷ்ஷ்," என்றார் வெள்ளைக்காரர்.

"விட்டா விழுந்துடுவேன்," என்றேன் ரகசியமாக.

"அப்ப பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் எப்போது வாயைத் திறந்தாலும் எதிரே இருக்கிறவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிக்கவைக்கத்தான் வரும். இங்கே எதிரே யாருமில்லை.

"சம்பந்தியம்மா, சுமதியை என் வீட்டுக்கு அனுப்புவீங்களா? பிரசவத்துக்கு. வீட்டுல பொம்பளை இல்லதான். பத்தியச் சமையல் கத்துக்கிட்டேன். மிளகு, பூண்டு எல்லாம் நானே இடிச்சு வச்சிருக்கேன். பிள்ளையைக் குளிப்பாட்டப் பக்கத்து வீட்டு அக்காவைப் பேசிட்டேன். ராத்திரிக்கு நான் முழிச்சுக்குவேன். எனக்கு எப்படியும் தூக்கம் வர்றதில்ல. அவ அம்மா இருந்திருந்தா வந்து கேட்டிருப்பா. எனக்கு எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

"ஷ்ஷ்," என்றார் வெள்ளைக்காரர் மறுபடியும். ஆனால் முன்னைப்போல் கோபமாக இல்லை.

மிஸ் லீயின் விளக்கு எரிந்தது. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். நானும் கசக்கினேன், எனக்கு வேறு காரணமும் இருந்தது. சம்பந்தியம்மா என் கையிலிருந்து கைப்பைப் பட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, ஒன்றுமே நடக்காததுபோல் முன்னால் நடந்தார்.

அதற்குப் பிறகு பார்த்தவற்றைச் சரியாக வர்ணிக்க முடியாததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கூரையில் ஓட்டை விழுந்து சூரிய வெளிச்சம் ஒரு தூண்போல இறங்குகிற இடம் ஒன்று இருந்தது. எல்லோரும் ஆஹா என்றார்கள். நான் சம்பந்தியம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறை இடுக்கில் சுருண்டு கிடந்த வெளிறிய பாம்பைக் காட்டினார்கள். அது விஷமில்லாதது, வௌவால் தின்பது. எனக்கு அதன்மேல் கவனமே போகவில்லை. சுவரில் மூடி வைத்த குழாய்க்குள் வாழும் ஒரு சிலந்தி. வாசலில் இழைகளை நீட்டிவைத்து, யாராவது இழையைத் தொடுகிறார்களா என்று உள்ளேயே உட்கார்ந்திருக்குமாம். சுமதியைக் கட்டிக்கொடுத்த பிறகு டெலிபோனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. வந்த ஜோக்கை விழுங்கினால் உடம்புக்கு ஆகாது என்று தோன்றினாலும், விழுங்கினேன்.

பதினொன்றரைக்கு வெளியே வந்தோம். வாசலில் வெயில் கண்ணில் அறைந்தது. தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்பந்தியம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தார். எனக்கும் பக்கத்துக் கல்லைக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தேன்.

"அண்டைக்கு எங்கட வீட்டுக்கு வந்து என்ன செய்தனீங்கள்?" என்றார்.

"தட்டு வச்சேன்."

"தட்டு வைச்சனீங்கள். பகிடி விட்டனீங்கள். ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டனீங்கள். போயிட்டியள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு ஒரு வார்த்தை சொன்னனீங்களோ?"

"தட்டுல வளையல் இருந்துச்சே."

"வளையல் எண்டா மருமகளுக்குத் தேப்பன் வாங்கிக் குடுத்தது எண்டுதானே நினைப்பம். எங்கட பக்கம் வளைகாப்பு எண்டு ஒண்டு இல்லை, சம்மந்தி."

"அப்போ ஏன் தட்டைத் திருப்பி அனுப்புனீங்க?"

"ஒருத்தற்ற பாத்திரத்தை வைச்சிருக்கிறதோ? அதுவும் வெறுமனே குடுக்கிறதோ? ரெண்டு நாள் இருந்து பயறு வறுத்து, இடிச்சு, பணியாரம் சுட்டு அனுப்பினன். கை வலி எனக்கு இன்னும் போகேல்லை."

மூன்று வாரம். மூன்று வாரமாக ராத்திரி உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அவர் கை வலிக்கச் சுட்ட பணியாரத்தை மறுப்பு என்று நினைத்து மென்றவன் நான். என்னைப்போல ஒரு முட்டாள் கிள்ளான் மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்தவும். சேர்ந்து சங்கம் வைக்கலாம்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டே பேசினார். "நானும் கேக்கேல்லைதான். மனுசி இல்லாத வீடு, உங்களுக்குக் கஷ்டம், அதாலதான் நீங்கள் வாய் திறக்கேல்லை எண்டு நினைச்சன். நான் போய்க் கேட்டா உங்களை நோகப் பண்ணின மாதிரி. பின்னேரத்தில அந்தப் பிள்ளை கேட்டடியில நிண்டு ரோட்டைப் பாத்துக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா எட்டிப் பாக்கும். என்னம்மா எண்டு கேட்டா, ஒண்டும் இல்லை அத்தை எண்டு சொல்லும்."

எனக்கு மோட்டார் சைக்கிள்தான் வாகனம்.

"ராவில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்வியள்?"

"பெரியாஸ்பத்திரி பத்து நிமிஷம். எங்க கம்பெனி லோரி எந்நேரமும் நிக்கும்."

"லோரியிலயோ?"

"டாக்சி. டாக்சின்னுதான் சொல்ல வந்தேன்."

அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சொன்னாப் போதாது. வீட்டைப் பாக்கோணும். இண்டைக்கே."

கீழே இளநீர்க் கடையில் சுமதியும் சம்பந்தி ஐயாவும் உட்கார்ந்திருந்தார்கள். இளநீர் இரண்டு வெள்ளி. ஐயா எங்களுக்கும் சேர்த்து வெட்டச் சொல்லிவைத்திருந்தார். "உள்ளுக்க லைட் எல்லாம் நல்ல வடிவு," என்று சிலைக் குகையைப் பற்றி ஒரே வரியில் அறிக்கை கொடுத்தார். சுமதி என் முகத்தையே பார்த்தாள். நான் இளநீருக்குள் பார்த்தேன்.

"இஞ்சரப்பா, கிள்ளானுக்குப் போவம்," என்றார் சம்பந்தியம்மா.

ஐயா ஏன் என்று கேட்கவில்லை. கார் சாவியை எடுத்தார். சுமதி கையிலிருந்த உறிஞ்சுகுழலை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், பிறகு கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தூசி," என்றாள். அவளுக்கும் என் வாய்தான்.

வழியில் வாழை இலைச் சாப்பாடு. அதன்பின் பெடரல் நெடுஞ்சாலை. பத்துமலையிலிருந்து கிள்ளானுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பின்சீட்டில் உட்கார்ந்து வழிநெடுக என் வீட்டை மனத்தால் கூட்டிப் பெருக்கினேன். ஹாலில் கொடியில் என்னென்ன தொங்குகிறது என்று நினைத்தபோது ஷா ஆலம் வந்தது. தொட்டியில் போட்டுவிட்டு வந்த தட்டுகளை நினைத்தபோது கிள்ளானே வந்துவிட்டது.

இரண்டரைக்கு வீட்டைத் திறந்தேன். குகைக்காவது முன்பதிவு, தொப்பி, வழிகாட்டி எல்லாம் உண்டு. இங்கே எதுவும் இல்லை. நாலு வருஷமாக முன்னறை தவிர ஜன்னல்களை நான் திறந்ததே இல்லை என்பது, சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு பல்லி குடும்பத்தோடு இடம் மாறியது.

"நான் முகம் கழுவிட்டு வரேன்," என்று சுமதி தன் பழைய அறைக்குள் போனாள்.

சம்பந்தியம்மா சமையலறையில் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். தூளை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது ஆர் இடிச்சது?"

"நான்தான்."

"மிளகு கூடிப்போச்சு."

"குறைச்சுக்கிறேன்."

"நாங்கள் சரக்கு எண்டு ஒரு தூள் போடுறது. அனுப்பிவிடுறன். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு எங்கட வீட்டில செய்யோணும். அதுக்குப் பிறகு உங்கட இஷ்டம்." ஜாடியை மூடினார். "வளைகாப்பு எப்பிடிச் செய்யிறது எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்லித் தரோணும்."

எனக்கும் தெரியாது. அதெல்லாம் சுமதியின் அம்மா பார்த்துக்கொள்கிற விஷயம். "சொல்லித் தரேன்," என்றேன்.

சுமதியைக் காணவில்லை என்று எட்டிப் பார்த்தோம். முகம் கழுவப் போனவள் தன் பழைய கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, வாயை லேசாகத் திறந்தபடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. மின்விசிறிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. நான் சுவிட்சைப் போட்டேன்.

எழுப்பலாம் என்று ஓர் அடி வைத்தேன். சம்பந்தியம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"ஒரு மாசமா அந்தப் பிள்ளை இப்பிடி நித்திரை கொண்டதை நான் பாக்கேல்லை," என்றார் வெகு மெதுவாக. "எழுப்பாதேங்கோ. இண்டையில இருந்து இஞ்சயே இருக்கட்டும். உடுப்பை நாளைக்கு இவரிட்டக் குடுத்து விடுறன்."

"நாள் கிழமை பாக்காமலா?"

"நித்திரைக்கு என்ன நாள்?"

மூன்று பேரும் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திருடர்கள்போல் வெளியே வந்தோம். சம்பந்தி ஐயா கார்க் கதவைச் சத்தம் வராமல் சாத்த எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு லோரிக்கு லோடு ஏற்றிவிடலாம். இன்ஜினைப் போடாமல் சரிவில் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டே போய், திருப்பத்தில்தான் ஸ்டார்ட் செய்தார். அதிகம் பேசாத மனிதர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். சம்பந்தியம்மா திரும்பி, ஜன்னல்களை மூடிவிடாதே என்று சைகை காட்டினார்.

நான் கேட்டடியில் நின்றேன். பத்துமலைக்கு என் வயசுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் எதையாவது வேண்டிக்கொண்டு, திரும்பும்போது கால் வலியோடு வந்திருக்கிறேன். கால் அன்றும் வலித்தது. கல்யாணச் சப்பாத்து வேறு கடித்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "யாரு அண்ணே வந்துட்டுப் போறாங்க? என்னா விசேஷம்?"

வழக்கமாக அவருக்கு நான் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பதில் சொல்கிறவன். அன்று திறந்திருந்த ஜன்னலைக் காட்டி, உதட்டின்மேல் விரலை வைத்தேன்.